அரசு மானியம்: விண்ணப்பிக்கும் முன்பும் பெற்ற பின்பும்

(நமது அறக்கட்டளை நடத்திய தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மஃரிபுக்குப் பிறகு வீட்டு வேலையையும் கடையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் நேரத்தில் பரக்கத் செய்வானாக.

தொழில் தொடங்குபவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அரசு தரும் மானியங்களைப் பற்றிப் பேசவே கூடியிருக்கிறோம். இந்தப் பேச்சை எடுத்தாலே நம் மஹல்லாவில் மூன்று பதில்கள் வரும். முதல் பதில், "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்?" இரண்டாவது, "அதெல்லாம் வட்டி கலந்தது, தொடக்கூடாது." மூன்றாவது, "ஒருத்தர் இருக்கிறார், பத்து சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருவார்." முதல் பதிலால் விண்ணப்பமே போடாமல் இருக்கிறோம். இரண்டாவதால், வட்டி இல்லாத திட்டம் எது என்று தேடிப் பார்க்காமலேயே விலகிவிடுகிறோம். மூன்றாவதால் கையில் இருப்பதையும் இழக்கிறோம். இந்த மூன்றுக்கும் இன்று விவரத்தோடு பதில் சொல்லப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. மானியம் வாங்குவது கையேந்துவது போல என்று பெரியவர்கள் சிலர் கூச்சப்படுகிறார்கள். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டுகிறோம். அந்தப் பொதுப் பணத்திலிருந்து, வேலைவாய்ப்பைப் பெருக்குவதற்கென்று, நிபந்தனைகளோடு ஒதுக்கப்படும் தொகைதான் மானியம். தகுதி உள்ளவர் கேட்பதில் இழிவு எதுவும் இல்லை. தகுதி இல்லாதவர் பொய் சொல்லிக் கேட்பதுதான் இழிவு.

மானியம் மூன்று வகை

பொதுவாக எல்லாவற்றையும் "லோன்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மார்க்க ரீதியாகவும் கணக்கு ரீதியாகவும் இவை ஒன்றல்ல. வங்கிக் கடனோடு சேர்ந்து வரும் மானியம் முதல் வகை. கடன் இல்லாமல், ஒரு குறிப்பிட்ட பணிக்காக நேரடியாகத் தரப்படும் நிதி இரண்டாம் வகை. பலர் சேர்ந்து பொது வசதி ஒன்றை உருவாக்கத் தரப்படும் நிதி மூன்றாம் வகை.

முதல் வகையில் எல்லோரும் கேள்விப்பட்டது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். 2008இல் தொடங்கியது. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. நம் ஊர்களில் மாவட்டத் தொழில் மையம் மூலமாகவும் விண்ணப்பிக்கலாம். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே இது பொருந்தும். 2022இல் திருத்தப்பட்ட விதிப்படி, உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேலும், சேவையில் 5 லட்சத்துக்கு மேலும் போகும் திட்டங்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

"நமக்கெல்லாம் எங்கே கொடுப்பார்கள்" என்பவர்கள் இதைக் கவனியுங்கள். இந்தத் திட்டத்தில் சிறுபான்மையினரும் பெண்களும் சிறப்புப் பிரிவில் எழுத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. பொதுப் பிரிவினர் கையிலிருந்து போட வேண்டியது 10 சதவீதம். நாம் போட வேண்டியது 5 சதவீதம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாயில் ஒரு தையல் கூடம் என்று வைத்துக்கொள்வோம். நம் கைப்பணம் 50 ஆயிரம். வங்கி தருவது ஒன்பதரை லட்சம். தொழில் நடக்கும் இடம் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் மூன்றரை லட்சம். நகராட்சி எல்லைக்குள் இருந்தால் இரண்டரை லட்சம். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதிலேயே ஒரு லட்சம் வித்தியாசம் வருகிறது. இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

அந்த மூன்றரை லட்சம் ரொக்கமாக நம் கைக்கு வராது. வங்கியிலேயே நம் பெயரில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வங்கி வட்டி போடாது. மூன்று வருடம் கழித்து, தொழில் உண்மையாக நடக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு, அந்தத் தொகையைக் கடனில் கழித்துக்கொள்வார்கள். இயந்திரத்தை விற்றுவிட்டுக் கதவைப் பூட்டியவருக்கு அந்தக் கழிவு கிடையாது.

எல்லாத் தொழிலுக்கும் இது கிடைத்துவிடாது. விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. பீடி, சுருட்டு போன்ற புகையிலைத் தொழில்களும் இறைச்சியைப் பதப்படுத்தும் தொழிலும் அதில் இருக்கின்றன. நம் சமுதாயத்தில் பலர் செய்யும் தொழில்கள் இவை என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வட்டிக் கேள்வி

மீதமுள்ள கடனுக்கு வட்டி உண்டு. இதை மூடி மறைத்து உங்களை உற்சாகப்படுத்துவது எங்கள் வேலை அல்ல. அதே சமயம், "பரவாயில்லை, எடுங்கள்" என்றோ "கூடாது" என்றோ ஃபத்வா சொல்லும் இடத்தில் அறக்கட்டளை அலுவலகம் இல்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஹஜ்ரத்திடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "லோன் எடுக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். திட்டத்தின் நிபந்தனைத் தாளை எடுத்துச் செல்லுங்கள். கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு, எந்தப் பகுதிக்கு வட்டி உண்டு, எந்தப் பகுதிக்கு இல்லை, உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் எழுதிக் காட்டிக் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

"மனம் ஒப்பவில்லை, வேண்டாம்" என்று முடிவெடுப்பவர்களை மதிக்கிறோம். அவர்களுக்குத்தான் அடுத்த இரண்டு வகைகளைச் சற்று விரிவாகச் சொல்லப் போகிறோம். இவற்றை நம் மக்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை.

கடன் இல்லாத நிதி

இது பெரும்பாலும் புதிய கண்டுபிடிப்பு, புதிய தயாரிப்பு முறை, புதிய சேவை ஆகியவற்றுக்குத் தரப்படுவது. மளிகைக் கடைக்கோ துணிக்கடைக்கோ கிடைக்காது. ஆனால் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், கணினி என்று படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வாசல்.

ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். 2021இல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒன்றிய அரசு தொடங்கியது. யோசனையைச் சோதித்துப் பார்க்க, மாதிரி செய்ய, பயனாளிகளிடம் பரீட்சித்துப் பார்க்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம். இதில் திருப்பித் தரும் கடன் இல்லை. இதே திட்டத்தில் சந்தைக்குப் போகும் கட்டத்துக்கென்று 50 லட்சம் வரை இன்னொரு பிரிவு உண்டு. அது கடன், கடன் பத்திரம் என்ற வடிவில் வருவது, மானியம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதன் நிபந்தனைகளைப் பாருங்கள். நிறுவனம் பதிவாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் நிதி பெற்றிருக்கக் கூடாது. பணம் அரசிடமிருந்து நேராக வராது; தேர்வு செய்யப்பட்ட இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர்ப்பு மையங்கள் வழியாக, வேலை முடிய முடியத் தவணையாக வரும். கட்டடம் கட்ட இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. இதுபோன்ற திட்டங்கள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் திறந்திருக்கும். எனவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு நிலையை அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. வாப்பா பெயரில் இருக்கும் தனிநபர் வியாபாரத்துக்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு செய்த கூட்டு நிறுவனம் என்ற வடிவங்களில் ஒன்று வேண்டும். "முதலில் பணம் வரட்டும், பிறகு பதிவு செய்வோம்" என்றால் நடக்காது. அவசரப்பட்டுப் பதிவு செய்துவிட்டுச் சும்மா இருந்தாலும் இரண்டு வருடக் கெடு ஓடிவிடும். மகன் வேலையைத் தொடங்கத் தயாராக இருக்கும் நேரத்தில் ஆடிட்டரைப் பாருங்கள்.

மருத்துவம், உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு பைராக் நிறுவனத்தின் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட் உண்டு. 18 மாதப் பணிக்கு 50 லட்சம் வரை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தந்து நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். கடனுக்குப் பதில் பங்கு என்ற இந்த முறையையும் ஆலிம்களிடம் காட்டிக் கேட்கலாம்.

சேர்ந்து கேட்டால்

மூன்றாவது வகை, கூட்டு வசதிக்கான நிதி. ஒருவரால் வாங்க முடியாத இயந்திரத்தை இருபது பேர் சேர்ந்து ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து வாங்குவது. ஒன்றிய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில், 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையான பொது வசதி மையத்துக்கு 70 சதவீதம் வரை மானியம் கிடைக்கும். 10 கோடிக்கு மேல் 30 கோடி வரை என்றால் 60 சதவீதம். பாரம்பரியக் கைத்தொழில்களுக்கு ஸ்பூர்த்தி என்ற தனித் திட்டம் உண்டு. 500 கைவினைஞர்கள் வரை உள்ள குழுமத்துக்கு இரண்டரைக் கோடி வரை, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 5 கோடி வரை. பத்தமடைப் பாய் நெசவு போல நம் மக்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் தொழில்களுக்கு இவ்வகைத் திட்டங்கள் பொருத்தமானவை.

இது ஏட்டில் மட்டும் உள்ள விஷயமல்ல. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறு ஆலை தனியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது நடக்காத காரியம். ஆலைக்காரர்கள் சேர்ந்து நிறுவனங்களை அமைத்தார்கள். அரசு உதவியும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பைத் தந்தபோது, அந்தக் கூட்டு ஏற்பாட்டின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. ஆற்றுக்கு நேர்ந்த கேடு பெரிது, அதை மறுக்கவில்லை. சேர்ந்து நின்றால்தான் சில செலவுகளைத் தாங்க முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

விண்ணப்பத்தை எப்படித் தயாரிப்பது?

முதலில் அடிப்படைத் தாள்கள். பான் அட்டை, தொழில் பெயரில் வங்கி நடப்புக் கணக்கு, தேவைப்படுபவர்களுக்கு ஜிஎஸ்டி எண், உத்யம் பதிவு. உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுத் தளத்தில் அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் உலவுகின்றன. முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து திட்ட அறிக்கை. இது ஐந்து கேள்விகளுக்கான பதில், வேறொன்றும் இல்லை. என்ன தேவை இருக்கிறது? அதற்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? நம்மால் முடியும் என்பதற்கு என்ன ஆதாரம்? எவ்வளவு செலவாகும், எதற்கெதற்கு? வேலை நடந்தது என்பதை எதை வைத்து அளப்பது?

"எங்கள் நிறுவனம் தரமான பொருட்களைத் தயாரித்துப் பலருக்கு வேலை தரும்" என்று எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "காலணி ஆலைகளில் மிஞ்சும் தோல் துண்டுகளை வாங்கி பர்ஸும் பெல்ட்டும் செய்யப் போகிறோம். ஒரு வெட்டும் இயந்திரம், மூன்று தையல் இயந்திரங்கள் தேவை. மூன்று விற்பனையாளர்களின் கொட்டேஷன் இணைத்துள்ளோம். முதல் வருடம் ஆறு பேருக்கு வேலை, அதில் நால்வர் பெண்கள். வாங்கிக்கொள்வதாக இரண்டு கடைகள் தந்த கடிதம் இத்துடன் உள்ளது." இதில் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடிந்ததைத்தான் அதிகாரி நம்புவார்.

செலவுக் கணக்கில் கூட்டி எழுதாதீர்கள். "எப்படியும் குறைப்பார்கள், இரட்டிப்பாய்க் கேட்போம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். கொட்டேஷனுக்கும் சந்தை விலைக்கும் பொருந்தவில்லை என்றால் முழு விண்ணப்பத்தின் மீதும் சந்தேகம் விழும். அதைவிட முக்கியம், அது பொய்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அனுமதிக் கடிதம் வருமுன் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். பல திட்டங்களில் முன்பே செய்த செலவை ஏற்க மாட்டார்கள். மானியம் பெரும்பாலும் பின்னால்தான் வரும் அல்லது தவணையாக வரும். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். மனைவி நகையை அடகு வைத்து இடைவெளியை நிரப்பலாம் என்ற திட்டத்தோடு இறங்காதீர்கள்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2005ஆம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். குறையைச் சரிசெய்து மறுபடி போடுங்கள். ஒரு முறை மறுத்ததும் "நம்ம பெயரைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள்" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அப்படி நடந்திருந்தாலும் அதை நிரூபிக்கவும் எழுத்துப்பூர்வமான காரணம்தான் தேவை.

இடைத்தரகர் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறோம்: மானியத்துக்கு விண்ணப்பிக்கத் தரகர் தேவையில்லை. ஆடிட்டர் கணக்குத் தயாரித்தால் அவருக்குரிய கூலியை ரசீதோடு கொடுங்கள். அது முறையான வேலை. "மேலே கொடுக்க வேண்டும்" என்று சதவீதம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது லஞ்சம். ஹலாலான தொழிலுக்கு அஸ்திவாரமாக லஞ்சத்தைப் போடலாமா?

பெற்ற பின்பு

கடைசியாக, எங்கள் மனதில் கனமாக இருப்பதைச் சொல்கிறோம். மானியம் கிடைத்த நாளோடு வேலை முடிவதில்லை. அமானத் அன்றுதான் தொடங்குகிறது.

ஒன்றிய அரசின் 2017ஆம் வருடத்துப் பொது நிதி விதிகளில் நிறுவனங்களுக்குத் தரும் மானிய உதவிக்கு ஒழுங்குமுறை வகுத்திருக்கிறார்கள். வாங்கிய பணத்தைச் சொன்ன காரியத்துக்கே செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியப் பணம் வங்கியில் இருந்த காலத்தில் வட்டி சேர்ந்திருந்தால் அதை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். வட்டியை ஒதுக்கி வைக்கும் பழக்கம் உள்ள நமக்கு இந்த விதி புதிதாகத் தோன்றாது.

ஆகவே மானியத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். ஒவ்வொரு பில்லையும் தேதி வாரியாகக் கோப்பில் போடுங்கள். தங்கை கல்யாணம் வரும், அண்ணன் வீடு கட்டுவார், "ஒரு மாதத்தில் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று மனம் சொல்லும். அந்தப் பணம் நம்முடையது அல்ல. ஒரு காரியத்துக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று இங்குள்ள மதரஸா மாணவர்களுக்குத் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது, சாட்சி வைப்பது பற்றியது அது. கணக்கு எழுதுவதை ஆடிட்டருக்கான வேலை என்று ஒதுக்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் ஒருவர் மானியம் வாங்கி ஒழுங்காகத் தொழில் நடத்தினால், அதே மேசைக்கு அடுத்துப் போகும் நம் பிள்ளைக்குப் பாதை இலகுவாகும். ஒருவர் இயந்திரத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனால், அடுத்த பத்துப் பேருக்கும் அந்த வங்கிக் கிளையில் கதவு பாதி மூடிவிடும். தனி ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு மஹல்லாவின் நாணயமும் அடங்கியிருக்கிறது.

அறக்கட்டளை தன் பங்குக்கு ஒன்றைச் செய்யும், இன்ஷா அல்லாஹ். ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். தாள்களைச் சரிபார்த்துத் தருவோம், திட்ட அறிக்கையைப் படித்துக் குறை சொல்வோம், மாவட்டத் தொழில் மையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகளுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவோம். இதற்குக் கட்டணம் இல்லை. மானியம் கிடைக்கும் என்று உத்தரவாதமும் தர மாட்டோம். அப்படி உத்தரவாதம் தருபவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதல் முறை வரும்போது ஒரே ஒரு தாள் கொண்டு வந்தால் போதும். அந்த ஐந்து கேள்விகளுக்கும் உங்கள் சொந்த வார்த்தையில், தமிழில், பதில் எழுதிக் கொண்டு வாருங்கள். மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.

அல்லாஹ் நம் உழைப்பில் ஹலாலான விருத்தியையும், கொடுத்ததைக் காப்பாற்றும் நாணயத்தையும் தருவானாக. ஆமீன்.